ஒன்லியை எங்கே போடுவது, எங்கே விடுவது?

நான்கு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து எது சரி, எது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஐ கேம் நவ் ஒன்லி’, ‘ரவி ஒன்லி அப்ரூவ்ட் இட்’, ‘தி மீட்டிங் இஸ் டுமாரோ ஒன்லி’, ‘ஐ ஒன்லி ஹேவ் டென் ருபீஸ்’. பள்ளிக்கூடத்தில் கடைசி வாக்கியத்தை மட்டும் டீச்சர் சிவப்பு மையால் சுழித்தாராம். மற்ற மூன்றையும் ஊரில் யாரும் தப்பென்று சொன்னதில்லை. இப்போது வெளிநாட்டு கிளையன்ட் ஒருவர் இரண்டாவது வாக்கியத்தை மெயிலில் படித்துவிட்டு, ‘ரவி அப்ரூவ் பண்ணியதோடு சரியா, மீதி வேலையை யார் பார்ப்பார்கள்?’ என்று கேட்டிருக்கிறார்.

நேரே பதில் சொல்லிவிடுகிறேன். டீச்சர் சுழித்த வாக்கியம் நல்ல ஆங்கிலம். மற்ற மூன்றும் நம் ஊர் ஆங்கிலம். நமக்குள் பேசிக்கொள்ள ஒரு குறையும் இல்லை, ஆனால் வெளியாளுக்கு எழுதினால் அர்த்தம் இடறும். இடறுவதற்குக் காரணம் ஆங்கில இலக்கணம் தெரியாதது இல்லை. நம் நாக்கில் இருக்கும் ‘தான்’.

தமிழில் இந்த இடத்தில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. ‘மட்டும்’ மற்றவர்களை வெட்டிவிடும்: ரவி மட்டும் வந்தான், வேறு யாரும் வரவில்லை. ‘வெறும்’ அளவைக் குறைத்துக் காட்டும்: வெறும் பத்து ரூபாய், அதற்கு மேல் இல்லை. ‘தான்’ செய்யும் முக்கியமான வேலை வேறு. அது ஆளைச் சுட்டிக் காட்டும். கதவைத் தட்டியது யார் என்று உள்ளேயிருந்து கேட்கிறார்கள், ‘ரவிதான்’ என்கிறோம். ரவி தனியாக வந்தானா, கூட்டமாக வந்தானா என்பதல்ல பேச்சு. நீங்கள் யாரோ என்று நினைக்க வேண்டாம், இது ரவி. அவ்வளவே.

ஆங்கில ஒன்லிக்கு ‘மட்டும்’, ‘வெறும்’ இரண்டும் தெரியும். சுட்டிக் காட்டும் ‘தான்’ அதற்குத் தெரியாது. நாம் மூன்றையும் சேர்த்து அதன் தலையில் கட்டிவிட்டோம். நாம் மட்டும் இல்லை, இந்திக்காரர்களும் தங்கள் ‘ஹீ’யை இப்படித்தான் கட்டினார்கள். அதனால்தான் சென்னையில் பேசும் ஒன்லி டெல்லியிலும் புரிகிறது, லண்டனில் புரிவதில்லை.

இனி உங்கள் கிளையன்ட் என்ன படித்தார் என்று பார்ப்போம். தமிழில் ‘மட்டும்’, ‘தான்’ எல்லாம் தனக்கு முன்னால் வந்த சொல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில ஒன்லி பெரும்பாலும் தனக்கு அடுத்து வருவதைப் பார்க்கும். ‘ரவி ஒன்லி’ என்று எழுதும்போது உங்கள் மனதில் ஒன்லி ரவியோடு ஒட்டியிருக்கிறது. அவர் கண்ணில் அது ‘அப்ரூவ்ட்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஆக அவர் படித்தது: ரவி அப்ரூவ் மட்டும் பண்ணினார், வேறொன்றும் செய்யவில்லை. அவர் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது.

அவருக்கு எப்படி எழுதியிருக்கலாம்? ‘ரவி அப்ரூவ்ட் இட்’ போதும். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் ஒன்லியை எடுத்துவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. நமக்குத்தான் உப்பில்லாத மாதிரி இருக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் ‘இட் வாஸ் ரவி ஹூ அப்ரூவ்ட் இட்’. ரவியே நேரில் என்ற தொனி வேண்டுமென்றால் ‘ரவி ஹிம்செல்ஃப் அப்ரூவ்ட் இட்’. பேச்சில் இது எதுவும் தேவையில்லை, ரவி என்ற பெயரை அழுத்திச் சொன்னால் அதுவே ‘ரவிதான்’. உண்மையிலேயே ‘ரவி மட்டும், வேறு யாரும் இல்லை’ என்று சொல்ல வேண்டுமென்றால் ‘ஒன்லி ரவி அப்ரூவ்ட் இட்’ என்று முன்னால் வையுங்கள். தமிழ் வரிசையிலேயே எழுத ஆசை என்றால் ‘ரவி அலோன் அப்ரூவ்ட் இட்’ என்று ஒரு வழி இருக்கிறது. அலோன் பெயருக்குப் பின்னால் நிற்கும், ‘ரவி மட்டுமே’ என்ற பொருள் தரும். அதையே வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளினால் ‘தனியாக உட்கார்ந்து அப்ரூவ் பண்ணினார்’ ஆகிவிடும். அது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘டுமாரோ ஒன்லி’ இன்னும் வேடிக்கை. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கடை வாசலில் இப்படிப் பலகை வைத்தால், நாளை ஒரு நாள் மட்டும் தள்ளுபடி, மறுநாள் வந்தால் கிடைக்காது என்று பொருள். நீங்கள் சொல்ல வந்ததோ ‘மீட்டிங் நாளைக்குத்தான், இன்றைக்கு இல்லை’. அதற்கு அவர்கள் எதிர்மறையாகத்தான் பேசுவார்கள்: ‘தி மீட்டிங் இஸின்ட் அன்டில் டுமாரோ’. பார்சல் திங்கட்கிழமைதான் வரும் என்றால் ‘இட் வோன்ட் கம் அன்டில் மண்டே’. நம் காதுக்கு இது சுற்றி வளைப்பதாகத் தோன்றலாம். ஜெர்மன்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்கள் மொழியில் ‘மட்டும்’ என்பதற்கு ‘நூர்’, நேரத்தோடு வரும் ‘தான்’ என்பதற்கு ‘எர்ஸ்ட்’ என்று தனித்தனிச் சொற்கள். ஆங்கிலம் பேசும்போது எர்ஸ்டையும் ஒன்லி ஆக்கிவிட்டு நம்மைப் போலவே மாட்டிக்கொள்வார்கள்.

வருங்காலத்துக்கு அன்டில் என்று சொன்னேன். கடந்த காலத்தில் ஒன்லி தாராளமாக வரும். ‘நேற்றுதான் வந்தேன்’ என்பது ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’. இங்கே ‘தான்’ ஆளைச் சுட்டவில்லை. வந்து அதிக நாள் ஆகவில்லை என்று அளவைக் குறைக்கிறது, அதாவது ‘வெறும்’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘அவளுக்கு ஆறு வயசுதான்’, ‘அவன் சின்னப் பையன்தானே’ எல்லாம் இதே வகை. ‘ஷி இஸ் ஒன்லி சிக்ஸ்’, ‘ஹி இஸ் ஒன்லி எ சைல்ட்’. ஆகவே ‘தான்’ வரும் இடமெல்லாம் ஒன்லி தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, பின்னால் ‘அதுக்கு மேல இல்ல’ என்று ஒட்டிப் பாருங்கள். பத்து ரூபாய்தான் இருக்கு, அதுக்கு மேல இல்ல: ஒட்டுகிறது, ஒன்லி போடலாம். ரவிதான் அப்ரூவ் பண்ணினார், அதுக்கு மேல இல்ல: ஒட்டவில்லை, ஒன்லியை விட்டுவிடலாம்.

உங்கள் முதல் வாக்கியம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இப்போதுதான் வந்தேன் என்பது நேரத்தைக் குறைத்துச் சொல்வதுதான், ஆனால் ஆங்கிலம் ‘நவ்’ என்ற சொல்லை இந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ‘ஐ ஜஸ்ட் காட் ஹியர்’ என்பார்கள். இங்கிலாந்து வழக்கில் ‘ஐ ஹேவ் ஒன்லி ஜஸ்ட் அரைவ்ட்’ என்றும் சொல்வார்கள். இங்கே ஒன்லியும் ஜஸ்ட்டும் சேர்ந்து வருவது, நாம் ‘மட்டும்தான்’ என்று இரண்டைச் சேர்ப்பது மாதிரி.

சரி, டீச்சர் சுழித்த வாக்கியம். பணத்தின் அளவைத்தானே குறைக்கிறோம், அதனால் ஒன்லி ‘டென் ருபீஸ்’ பக்கத்தில் நிற்க வேண்டும், ‘ஐ ஹேவ் ஒன்லி டென் ருபீஸ்’ என்றுதான் எழுத வேண்டும் என்பது அவர் வாதம். பழைய இலக்கணப் புத்தகங்கள் பலவற்றில் இந்த விதி உண்டு. தர்க்கப்படி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர்கள் வாயில் ஒன்லி இயல்பாக வந்து விழும் இடம் வினைச்சொல்லுக்கு முன்னால். துணைவினை இருந்தால் அதற்கு அடுத்து, ‘ஐ கேன் ஒன்லி ஸ்டே அன் அவர்’ என்பது போல.

இந்தச் சண்டை பழையது. ஹென்றி ஃபௌலர் 1926-ல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் ஒன்லிக்குத் தனியாக ஒரு குறிப்பே எழுதினார். ‘அவர் ஒரு வாரம் முன்புதான் இறந்தார்’ என்பதை யாரோ ‘ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ’ என்று எழுத, இறப்பதைவிடப் பெரிதாக அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று ஒரு விமர்சகர் கிண்டலடித்திருந்தார். ஃபௌலர் கண்டிப்பான ஆள், எதையும் லேசில் விடமாட்டார். அவரே இந்த விஷயத்தில் கிண்டலடித்தவர் பக்கம் நிற்கவில்லை. அர்த்தக் குழப்பம் வராதபோது ஒன்லியை அதன் இயல்பான இடத்தில் விட்டுவிடுங்கள் என்றார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது, சிவப்பு மை இன்னும் காயவில்லை.

அர்த்தக் குழப்பம் வரும் இடம் எது? ‘ஃபாதர் ஒன்லி ஈட்ஸ் மட்டன் ஆன் சண்டேஸ்’ என்று ஒரு வாக்கியம். அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டுக்கறி சாப்பிடுவார் என்றும் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுக்கறியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார் என்றும் கொள்ளலாம். சாப்பிட மட்டும் செய்வார், கடைக்குப் போவதும் சமைப்பதும் வேறு ஆள் என்றுகூடக் கொள்ளலாம். தமிழில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், கறி மட்டும், சாப்பிட மட்டும் என்று எதில் ஒட்டுகிறதோ அதுதான். ஆங்கிலத்தில் ஒட்டு இல்லாததால் அந்த வேலையைக் குரல் செய்கிறது. சண்டேஸை அழுத்தினால் ஒரு பொருள், மட்டனை அழுத்தினால் இன்னொன்று. அழுத்தம் மாறினால் வாக்கியத்தின் உண்மை பொய்யே மாறிவிடுகிறது என்பதை வைத்து மாட்ஸ் ரூத் என்பவர் 1985-ல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் ஆய்வேடு எழுதினார். பொருண்மையியல், அதாவது மொழியில் பொருள் எப்படிப் பிறக்கிறது என்ற துறை, படிப்பவர்கள் இந்த அழுத்த விஷயத்தை இன்றும் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எழுத்தில் குரல் கேட்காது. அதனால் ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, இயந்திரத்தை இயக்கும் வழிமுறை மாதிரி தப்பாகப் படித்தால் வம்பாகும் இடங்களில் டீச்சர் சொன்னபடி ஒன்லியைச் சேர வேண்டிய சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். ‘டேக் திஸ் டேப்லெட் ஒன்லி அட் நைட்’ என்றால் ராத்திரி மட்டும். சாதாரண மெயிலில் அவ்வளவு கெடுபிடி வேண்டாம்.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ‘ஒன்லி தென் ஐ அண்டர்ஸ்டுட்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்று, கேள்வி கேட்பது போல முறுக்கி எழுத வேண்டும். ஏன் இந்த முறுக்கு? லாரன்ஸ் ஹார்ன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1969-ல் ஒன்லி பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வெளிச்சம் கிடைக்கும். அவருடைய உதாரணம் ‘ஒன்லி முரியல் வோட்டட் ஃபார் ஹியூபர்ட்’. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முரியல் ஓட்டுப் போட்டாள். வேறு யாரும் போடவில்லை. இப்போது இந்த வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள். ‘முரியல் மட்டும் போட்டாள் என்பது பொய்’ என்றால், இன்னும் யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்போமே தவிர, முரியல் போடவில்லை என்று நினைக்கமாட்டோம். முரியல் போட்டது ஏற்கனவே ஒத்துக்கொண்ட செய்தியாக அடியில் கிடக்கிறது. மேலே வாக்கியம் அடித்துச் சொல்வது ‘வேறு யாரும் இல்லை’ என்பதைத்தான். ஆக ஒன்லியின் வயிற்றில் ஒரு ‘இல்லை’ இருக்கிறது. நெவர், செல்டம் போன்ற இல்லைச் சொற்கள் முன்னால் வந்தால் ஆங்கில வாக்கியம் முறுக்கிக்கொள்ளும், ‘நெவர் ஹேவ் ஐ சீன்’ என்பது போல. ஒன்லியும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்துகொள்கிறது.

இதில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். முறுக்கு வருவது நேரம், இடம், நிபந்தனை இவற்றோடு ஒன்லி முன்னால் வந்தால்தான். எழுவாயோடு வந்தால் கிடையாது. ‘ஒன்லி மீனா நியூ தி ஆன்ஸர்’, இங்கே டிட் வராது. அடுத்தது, துணை வாக்கியம் நீளமாக இருந்தால் முறுக்கைப் பின்னால் வரும் முதன்மை வாக்கியத்தில் போட வேண்டும்: ‘ஒன்லி ஆஃப்டர் தி ரெய்ன் ஸ்டாப்ட் டிட் தி பஸ் லீவ்’. மழை நின்றதை முறுக்காதீர்கள், பஸ் கிளம்பியதை முறுக்குங்கள்.

‘ஒன்லி இஃப்’, ‘இஃப் ஒன்லி’ இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ‘இஃப் ஒன்லி’ ஏக்கம்: அன்றைக்கே படித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ‘ஒன்லி இஃப்’ நிபந்தனை. இந்த ஒரு இடத்தில் நம் ‘தான்’ ஆங்கிலத்தைவிடத் துல்லியமாக உட்காருகிறது. ‘படித்தால் பாஸாவாய்’ என்பது வாக்குறுதி. ‘படித்தால்தான் பாஸாவாய்’ என்பது எச்சரிக்கை. படிக்காவிட்டால் பாஸ் இல்லை, படித்தாலும் பாஸ் உறுதி என்று நான் சொல்லவில்லை. கணிதத்தில் தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்று பிரிப்பார்களே, அதைத் தமிழ்க் குழந்தை அம்மாவிடம் திட்டு வாங்கும்போதே கற்றுக்கொள்கிறது. நிரல் எழுதுகிறவர்கள், தர்க்கப் பாடம் எடுப்பவர்கள் ஒன்லி இஃப் வரும்போதெல்லாம் மனதுக்குள் ‘படித்தால்தான்’ என்பதில் வரும் ‘ஆல்தான்’ போட்டுப் படித்தால் தடுமாற மாட்டார்கள்.

மற்ற சில்லறைப் பயன்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஒன்லி டூ ஹேப்பி’ என்றால் கொஞ்சம் சந்தோஷம் இல்லை, ரொம்பவே சந்தோஷம். ‘ஐ ரேன் டு தி ஸ்டாப், ஒன்லி டு ஃபைண்ட் தி பஸ் கான்’ என்றால் ஓடிப் போனதுதான் மிச்சம், பஸ் போய்விட்டது. ‘ஐ வுட் கம், ஒன்லி ஐ ஆம் பிஸி’ என்பதில் ஒன்லி வெறும் ‘ஆனால்’. பேச்சுக்குச் சரி, பரீட்சைத் தாளில் வேண்டாம்.

ஆங்கிலத்திலும் ஒன்லி பின்னால் நிற்கும் இடம் ஒன்று உண்டு, அது அறிவிப்புப் பலகை. மெம்பர்ஸ் ஒன்லி, கேஷ் ஒன்லி, ஃபார் ஆஃபீஸ் யூஸ் ஒன்லி. பெண்கள் மட்டும், அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்று நாம் எழுதும் அதே வரிசை. செக்கில் எழுதும் ஒன்லியும் இந்த வகைதான். ‘ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி’ என்று எழுதுவது தொகையைக் குறைத்துக் காட்ட இல்லை, தவுசண்டுக்கு அப்புறம் எவனும் ‘ஃபைவ் ஹண்ட்ரட்’ என்று நுழைத்துவிடக் கூடாதே என்று போடும் தாழ்ப்பாள். அமெரிக்கர்கள் இதே வேலைக்குச் சென்ட்டை ‘50/100’ என்பது போலப் பின்னமாக எழுதிவிட்டு மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். தமிழில் எழுதினால் தாழ்ப்பாள் பாதி ஏற்கனவே போட்டிருக்கிறது: ‘ஐயாயிரம்’ என்று எழுதிய பிறகு ஐந்நூறைச் சேர்க்க வேண்டுமானால் அதை ‘ஐயாயிரத்து’ என்று திருத்த வேண்டும், திருத்தல் கண்ணில் பட்டுவிடும். ஆனால் முன்பக்கம் திறந்தே கிடக்கிறது. இடம் விட்டு எழுதினால் யாராவது ‘இருபத்தி’யைச் செருகிவிடலாம், ஆகவே ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். செக்கின் மூலையில் இரண்டு கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயீ ஒன்லி’ என்று எழுதுகிறோமே, அது நிஜமான ‘மட்டும்’: பெயர் எழுதியவர் கணக்கில் மட்டும் பணம் ஏறும், கவுன்டரில் ரொக்கமாகத் தரமாட்டார்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. நாம் ‘ஒன்லி’ என்று குறுக்கிச் சொல்கிறோம், எழுதுவதும் அப்படியே. ஆங்கிலத்தில் அது ‘ஓன்லி’, ஓகாரம் நீளும். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற பொருள் தரும் சொல்லோடு விகுதி சேர்ந்து பிறந்தது இது. ஒன்று என்ற அந்தத் தாய்ச் சொல் பிற்பாடு ‘வன்’ என்று மாறிப்போனது. ஒன்லி, அலோன் இரண்டும் பழைய ஓசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாமும் ‘ஒரே பிள்ளை’ என்பதில் ஒன்றைத்தானே வைத்திருக்கிறோம்.

கடைசியாக, நம் ஊர் ஒன்லியைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு அழுத்தச் சொல்லுக்கு நாம் ஆள் எடுத்துக்கொண்டோம். கிளாடியா லாங்கே என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2007-ல் இந்திய ஆங்கிலத்தின் ஒன்லி, இட்செல்ஃப் இரண்டையும் அழுத்தச் சொற்களாகவே எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பிழைப் பட்டியலில் அவற்றைச் சேர்க்கவில்லை. ‘வி ஆர் லைக் திஸ் ஒன்லி’ என்று நம்மை நாமே கேலி செய்துகொள்ளும் அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரரிடம் ‘ஹி ஒன்லி டோல்ட் மீ’ என்று சொல்லுங்கள், அவருக்கு அது ‘அவர்தான் சொன்னார்’ என்றே கேட்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும் மெயிலில் மட்டும், அனுப்பும் பொத்தானைத் தட்டுவதற்கு முன் ஒன்லியைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இட்செல்ஃபைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். ‘டுடே இட்செல்ஃப்’ என்பது நம் ‘இன்றைக்கே’. அதற்கும் ஆங்கிலத்தில் நேர்ச் சொல் கிடையாது, வெறும் ‘டுடே’ போதும், அவசரம் தெரிய வேண்டுமென்றால் ‘பை தி எண்ட் ஆஃப் டுடே’. ஆனால் இட்செல்ஃப் பெரும்பாலும் அர்த்தத்தை மாற்றாது. படிக்கிறவர் ஒரு நொடி புருவத்தைத் தூக்குவார், வேலை நடந்துவிடும்.